பெறுநர் கட்ட வேண்டிய தீர்வை

எல்லைக்கு அந்தப் பக்கச் சுங்க அலுவலகத்தில், பார்சலுக்கு வரி கட்டப் பணமில்லை என்றதும், எடை ஆய்வாளரின், அங்கே வாழ்க்கைப்பட்ட மகளிடமிருந்து அவள் நிழலை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பார்சலில் இருந்தது ஓர் எவர்சில்வர் அடுக்கு. அவள் அப்பா எழுதியிருந்த மதிப்புக்கு ஒரு கடைத்தெருவையே வாங்கலாம். கடைத் தராசுகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகித் திரிந்த அவர், பார்சலைத் துணியில் தைத்து, அரக்கு வைத்து, இன்சூரன்ஸ் தொகையைத் தெருமுனையிலிருந்தே படிக்கும்படி எழுதுவார். சம்பந்தி படிக்க வேண்டுமே.

தபால் கவுண்டரில் இருந்தவள் சொல்லித்தான் பார்த்தாள். “சார், நீங்க போடுற தொகைக்குத்தான் அங்க வரி. வாங்கறவங்கதான் கட்டணும்.”

“எம் பொண்ணு வீட்டுக்குப் போறதும்மா. அல்பமா எழுதச் சொல்றியா?”

பார்சலைத் திருப்பினால் அப்பாவின் மானம் போகும். வரிக்குப் பணம் கேட்டால் புகுந்த வீட்டில் மகளின் மானம் போகும். சுங்க அதிகாரி இரக்கமுள்ளவர். காசில்லாதவர்களுக்கென்று தனி விகிதம் வைத்திருந்தார். அடுத்து வந்த போர்வைக்குக் காலடிச் சத்தம். சுவர்க்கடிகாரத்துக்கு, கண்ணாடியில் தெரியும் முகம். மாமியாருக்கு ஒரு குறையும் இல்லை. “மருமக வீட்டுல இருக்கறதே தெரியல, அவ்வளவு தங்கம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

மகள் போனில் சொன்னதைக் கேட்டு அம்மா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். பொருளுக்குச் சேதமில்லை, பெறுநருக்குத்தான் சேதம், அது பாலிசியில் வராது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

“ஏங்க, கொஞ்சம் கம்மியாப் போட்டா நீங்க என்ன தேஞ்சா போயிடுவீங்க?”

“ஆயுசுல நான் பொய்க்கணக்கு எழுதினவன் இல்லடி.”

அதை மனதார நம்பித்தான் சொன்னார். தாம் எழுதிய தொகையைப் பார்த்துப் பார்த்து அவருக்கே அது மெய்யாகியிருந்தது.

மகள் உண்டானாள். அப்பா ஒரு தொட்டில் அனுப்பினார். தொகையை எழுத ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கமும் திரும்பியது. சுங்க அதிகாரி தொட்டிலைப் பார்க்கவில்லை, அவள் வயிற்றைப் பார்த்தார். “இவ்வளவு பெரிய தொகைக்கு உங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லையேம்மா. உள்ள இருக்கறதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?”

“அத விட்டுடுங்க சார். என் குரல எடுத்துக்கங்க.” அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

குழந்தை குறையில்லாமல் பிறந்தது. இப்போதெல்லாம் போன் வந்தால் அந்தப் பக்கம் குழந்தை அழும். அதை ஒட்டி ஒரு மூச்சு கேட்கும். “நம்ம பொண்ணு முன்ன மாதிரி வாயாடி இல்ல, ரொம்ப அடக்கமாயிட்டா” என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். தெருவும் நல்லதுதான் என்றது. அம்மா வேறு வழியில் பழகிக்கொண்டாள்: ஒரு மூச்சு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

“சாப்பிட்டியாடி?” ஒரு மூச்சு.

“கொழந்த தூங்குதா?” இரண்டு.

உள்ளறையில் அப்பா புதிய பார்சல் ஒன்றுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் பாக்கி இருக்குன்னு சுங்கத்துல ஏதாவது சொன்னாங்களா?”

ஒரு மூச்சு வந்தது. இரண்டாவதுக்காக அம்மா காத்திருந்தாள்.