துணியில் விழுந்த பள்ளம்

ஊரில் எல்லாரும் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி அதன் மேல் படம் வரைவார்கள். இவளுக்கு அந்தத் துணிதான் படமே. மடிப்பாள், முறுக்குவாள், கம்பியும் பலகையும் சேர்த்துத் தைப்பாள், வஜ்ரப் பசையைச் சுடச்சுடப் பூசிச் சிலையாக நிற்க வைத்துவிடுவாள். காய்ந்த பிறகு தட்டினால் டொக்கென்று கேட்கும். "ஈரத்துணியை நிக்க வச்சே பேர் வாங்கிட்டா என் பொண்டாட்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புருஷன் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இறந்து சில மாதமாகிறது. அவள் இன்னும் அழவில்லை. அழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல உள்ளே மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். தூங்கச் சொன்னால் படுத்தாள்.

பட்டறை மூலையில் அவருடைய சாய்வு நாற்காலி. அவள் வேலை செய்யும்போது அதில் சாய்ந்து பேப்பர் படிப்பதும் நொட்டை சொல்வதும்தான் அவர் உத்தியோகம். அந்த நாற்காலித் துணியும் கான்வாஸ்தான். உட்கார்ந்து உட்கார்ந்து துணியில் அவர் உடம்புக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இடது பக்கம் சாய்கிற பழக்கத்தால் அங்கே கொஞ்சம் கூடுதல் இறக்கம். தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை. பார்த்தால் ஆள் அதிலேயே இருக்கிற மாதிரி இருக்கும். இப்போதும் பேப்பர் வந்ததும் அதன் கைப்பிடியில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

துக்கம் விசாரிக்க வந்த பெரியப்பா, "அப்பாடா" என்று அதில் உட்காரப் போனார். "உக்காராதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் அரண்டு போனார். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இன்னொருவர் உட்கார்ந்தால் அந்தப் பள்ளம் கலைந்துவிடும். பசை பூசி இறுக்கிவிட்டால் கலையாது என்று அன்றே முடிவு செய்தாள்.

பசை காய்ச்சும்போது மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"துணியை நனைச்சுக் காயப்போடலையாம்மா? சுருங்குறதெல்லாம் முதல்லயே சுருங்கிடணும்னு நீதானே எங்க உயிரை எடுப்பே?"

"நனைச்சா அந்தக் கறை போயிடும்டி."

"பசையில சுருங்கினா?"

"இத்தனை வருஷம் அவர் கனத்தைத் தாங்கின துணி. இனிமே எங்க சுருங்கப் போகுது?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கறையை மட்டும் விட்டுவிட்டுத் தோள், முதுகு, இடது பக்க இறக்கம் என்று பூசிக்கொண்டே வந்தாள். கை பழகிய வேலையைச் செய்தது. மனசு பக்கத்திலேயே வரவில்லை.

காலையில் பேப்பரோடு கதவைத் திறந்தாள். பள்ளம் இல்லை. துணி சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விறைத்து நின்றது. விரலால் தட்டினாள். டொக்கென்றது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா எழுந்து போயிட்ட மாதிரி இருக்கும்மா."

கையில் பேப்பரோடேயே அவள் அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். துணி அவளுக்குத் துளியும் இடம் கொடுக்கவில்லை. பின்னால் சாய்ந்தபோது தலை கறைக்கு எட்டவில்லை. அவர் எவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பேப்பரைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து வேண்டாம்னு பேப்பர்காரர்கிட்ட சொல்லிடு" என்றாள்.