குறைத்து வைத்த ரேடியோ

"புரொபசர், ரேடியோவக் கொற" என்றான் அண்ணன்.

நான் பஞ்சர் கடையில் புத்தகம் படிப்பதால் எனக்கு அந்தப் பட்டம். கார், ஸ்கூட்டர் என்றால் ரேடியோ அதன் போக்கில் பாடிக்கொண்டிருக்கும். லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது மட்டும் அவனுக்குக் காது வேண்டும். காற்றில்லாமல் ரொம்ப தூரம் ஓடிவந்த டயரில், ரப்பருக்குள் இருக்கும் கம்பி இழைகள் அறுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். காற்று ஏற ஏற மிச்சமிருக்கும் இழைகளும் அறும். அப்போது காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் காற்றை நிறுத்திவிட்டு விலகிவிட வேண்டும். பெரும்பாலும் அதற்கு நேரம் கிடைக்கும்.

ரேடியோ உள்ளறையில், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் எழுந்து போய்க் குமிழைத் திருப்பினேன். மழை வரலாம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் பேச்சா முனகலா என்று தெரியாத அளவுக்கு இறங்கியதும் கையை எடுத்தேன்.

"போதுமாண்ணே?"

"போதும் போதும்."

அதற்குப் பிறகு நடந்த எதிலும் சத்தம் இல்லை. இருந்திருக்கும். டயர் வெடித்ததில் தெருமுனை மருந்துக்கடையில் கண்ணாடி விரிசல் விட்டதாம். என் நினைவில் புழுதி மட்டும்தான் இருக்கிறது. அலமாரியிலிருந்து வால்வு மூடிகள் உதிர்கின்றன, சத்தமே இல்லாமல். நடுவில் ஒரு சுவர் இருந்ததால் நான் பிழைத்தேன்.

சில நாளில் காது திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது. அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும், கூடத்தில் அண்ணியும் நானும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, இடது காதில் ஆரம்பிக்கும். வால்வு சரியாக மூடாத டியூபிலிருந்து காற்று கசியும் சத்தம். எதனுடனாவது ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. அது அந்தச் சத்தமேதான். பெரிய தொந்தரவு என்று சொல்ல முடியாது, வலியும் கிடையாது. ஆளையே பறிகொடுத்த வீட்டில், காதில் விசில் அடிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்கு இருபத்திரண்டு வயது. தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

அண்ணி கடையைத் திறந்தார். மெயின் சுவிட்சைப் போட்டதும் உள்ளறையில் ரேடியோ அதே முனகலோடு உயிர் பெற்றது. இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லி, லாரி டயரை உள்ளே நிறுத்திக் காற்று அடிப்பதற்கு ஒரு இரும்புக் கூண்டு செய்து வாங்கியிருந்தார். அதன் பெயின்ட் வாசனை போவதற்கு முன்பே விஷயம் வெளியே வந்துவிட்டது, ஒரு கார் டயரால்.

பஞ்சர் போட்டுக் காற்று அடித்து, டயரைத் தட்டிப் பார்த்துக் காதை வைத்தேன். கசிந்தது. பிரித்தேன். ஒன்றும் இல்லை. மாட்டி மறுபடி காதை வைத்தேன். கசிந்தது. மூன்றாவது தடவை லீவரை எடுத்தபோது, கார்காரர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, டயர் மாட்டுறியா, வெங்காயம் உரிக்கிறியா?"

அண்ணி வந்து விரலில் எச்சில் தொட்டு வால்வின் மேல் வைத்தார். குமிழி வரவில்லை. சோப்புத் தண்ணீரை எடுத்து டயர் முழுக்க ஊற்றினார். அப்போதும் வரவில்லை.

"எங்க கேக்குது?"

"இங்கதான் அண்ணி."

"அங்க ஒண்ணும் இல்ல தம்பி."

கார்காரர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைத் தூக்கிக் காதைக் காட்டினேன்.

"எப்பலேருந்து?"

"அன்னைக்கிலேருந்து."

அவர் கார்காரரிடம் டயரைக் கொடுத்து அனுப்பும்வரை பொறுத்திருந்தார். பிறகுதான் வெடித்தார். "இந்த வீட்டுல ஒரு ஆளு வாய மூடிட்டது பத்தாதா? நீயும் மூடிக்கிட்டா நான் யாருகிட்டப் பேசறது?"

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப் போனார். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த அமைதியில் என் விசில் மட்டும்தான் இருந்தது. அதற்கும் இரண்டு மூன்று முறை அழுத்தியிருப்பேன். காது கேட்பதில் பெரிய குறை இல்லை, இரைச்சல் லேசானதுதான், போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ரொம்ப அமைதியான இடத்தில் இருக்காதீர்கள், பக்கத்தில் சன்னமாக எதையாவது ஓட விடுங்கள் என்றார்.

"சுள்ளி ஒடியற சத்தம் கேக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"என்ன சுள்ளி?"

"டயர் சுள்ளி" என்றார் அண்ணி, அதுவே போதும் என்பதைப் போல.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கேக்கணும்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணி சொன்னார்: "கேக்கும்னு சொல்லல. கேக்கணும்னுதான் சொன்னாங்க."

லாரி டயர் இல்லாமல் அந்தக் கடை ஓடாது. எனக்கு அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்கவில்லை என்றால், அடுத்தது நான், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் அண்ணி. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்ட லாரி டிரைவர் ஒருவர் வந்தார். டயர் தட்டையாகிக் கொஞ்ச தூரம்தான் ஓட்டினாராம். கொஞ்ச தூரம் என்றுதான் எல்லா டிரைவரும் சொல்வார்கள். பஞ்சர் போட்டு, கூண்டுக்குள் நிறுத்தி, நீளமான குழாயை மாட்டி, நான் தள்ளி வந்து நின்றேன். அண்ணியும் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க உள்ள போங்க அண்ணி."

"உனக்குக் கேக்கலன்னா எனக்காவது கேக்கட்டும்."

காற்றைத் திறந்தேன். அளவுமானியில் முள் ஏறியது. உள்ளறையில் ரேடியோ முனகியது, காதில் விசில் ஓடியது. இரண்டையும் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் கேட்க வேண்டியிருந்தது, கூட்டத்துக்குள் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல. முள் பாதியைத் தாண்டியது.

டிக்.

மூடினேன். முள் நின்றது. மூன்று பேரும் நின்றோம்.

"எனக்குக் கேக்கலயே" என்றார் அண்ணி மெல்ல.

"எனக்கும்தான். காத்தடிக்கச் சொன்னா தியானமா பண்றீங்க?" என்றார் டிரைவர்.

அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"காதுக்குள்ளயா, வெளியிலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணன் நின்ற இடத்தில் அல்லவா நின்றுகொண்டிருந்தேன்!

"தெரியல அண்ணி."

அவர் யோசித்தது ஒரு மூச்சு நேரம்தான். "காத்த எறக்கு."

டயரைப் பிரித்து வெயிலில் சாய்த்து வைத்தோம். அண்ணி கையை உள்ளே விட்டு, தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல ஒரு சுற்று சுற்றினார். ஒரு இடத்தில் கை நின்று, கொஞ்சம் போய், திரும்பி வந்தது. "இங்க மெத்துன்னு இருக்கு, தொட்டுப் பாரு." தொட்டேன். இருந்தது. பக்கத்தில் அழுத்தினேன். அங்கும் இருந்த மாதிரிதான் இருந்தது. டிரைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரும் அழுத்தினார்.

"எல்லா டயரும் மெத்துன்னுதாம்மா இருக்கும். அது ரப்பரு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ரேக்கிலிருந்து எங்கள் டயர் ஒன்றை உருட்டி வந்து, "இதக் கொண்டு போங்க, அத விட்டுட்டுப் போங்க" என்றார். அந்தப் புது டயரையும் நான்தான் கூண்டில் நிறுத்திக் காற்று அடித்தேன். அண்ணி நகரவே இல்லை. முள் கடைசிவரை ஏறியது. விசில் மட்டும்தான் கேட்டது. லாரி கிளம்பிப் போன பிறகும் குழாயைப் பிடித்திருந்த விரல்கள் நிமிர மறுத்தன.

அந்தப் பழைய டயர் இப்போதும் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது. அன்று கேட்டது எங்கே கேட்டது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான், முழுக்கக் காற்று அடித்துப் பார்ப்பது. நாங்கள் அடிக்கவில்லை. எப்போதாவது அண்ணி பெருக்கிக்கொண்டே போய் அதன் முன்னால் நின்றுவிடுவார், பிறகு சுற்றிக்கொண்டு பெருக்குவார். விசிலும் போகவில்லை. லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது அவர் என் பக்கத்தில் நிற்பதையும் நிறுத்தவில்லை.

கடைக்கு வருகிறவர்கள், "அந்த ரேடியோவக் கொஞ்சம் கூட்டக் கூடாதா? என்ன பாட்டுன்னே தெரியலயே" என்பார்கள். "அது அவ்வளவுதாங்க பாடும்" என்பார் அண்ணி. குமிழின் மேல் தூசி படிந்துவிட்டது. நான் திருப்பிவிட்டு வந்த இடத்திலேயே அது நிற்கிறது.