வினாத்தாளும் விடைக்குறிப்பும்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், டயர் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். பயிற்சி மையங்களுக்குத் தேர்வு மென்பொருள் செய்து தருவது தொழில். கணினிகள் தனித்தனி. நிரல்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்குள் நுழைய மட்டும் எல்லோருக்கும் ஒரே பெயர். முதலில் வேலைக்கு வந்தவள் என்பதால் கலைமதி பெயரில் அதைத் தொடங்கினார் முதலாளி குமரேசன். பிறகு வந்தவர்களும் அதிலேயே குடியேறிவிட்டார்கள். யார் எதை மாற்றினாலும் 'மாற்றியவர்: கலைமதி' என்றுதான் பதிவாகும். சோம்பேறித்தனத்துக்கு நம் ஊரில் ஒற்றுமை என்று பெயர்.

அங்கே கலைமதி பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விதி இருந்தது. கேள்விகளைக் கலைத்துப்போடும் நிரல் ஒருமுறை ஓடினால் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று வினாத்தாள், இன்னொன்று விடைக்குறிப்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் கேள்விகளின் வரிசை மாறும், அதனால் இரண்டும் ஒரே ஓட்டத்தில் வந்தவையாக இருக்க வேண்டும். கோப்புகளை உருவாக்கும் கருவிக்கு இதைப் புரியவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பெயரையும் சும்மா ஒரே வரியில் எழுதினால், அந்த மண்டு அவற்றைத் தனித்தனி வேலை என்று எடுத்துக்கொண்டு நிரலை ஒரே நேரத்தில் இரண்டு தடவை ஓட்டிவிடும். கடைசியில் இந்த ஓட்டத்தின் வினாத்தாளும் அந்த ஓட்டத்தின் விடைக்குறிப்பும் மிஞ்சும். அது நடக்காமல் இருக்க, நடுவில் ஒரு கூட்டுக் குறி போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாள் கலைமதி. அது ஏன் என்று பக்கத்து இருக்கை ஆர்த்திக்கு எத்தனையோ தடவை சொல்லியும் இருந்தாள்.

ஆர்த்தியும் விழுப்புரம்தான். தினமும் ஒரே பாசஞ்சர் ரயில், மதியம் ஒரே டப்பாவில் சாப்பாடு. மூன்று வருடமாக இப்படி.

செவ்வாய்க்கிழமை தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காகக் கலைமதி மயிலத்தில் இருந்தபோது ஆர்த்தியிடமிருந்து செய்தி வந்தது. "பழைய மெஷின்ல உன் ரூல் எர்ரர் காட்டுதுடி. நான் சரி பண்ணிக்கிறேன், நீ பந்தியப் பாரு." கலைமதி ஒரு சிரிப்பு பொம்மையை அனுப்பிவிட்டுப் பாயசம் பரிமாறப் போய்விட்டாள். ஆர்த்தி சரிசெய்த லட்சணம், அந்தக் கூட்டுக் குறியை அழித்தது. எர்ரர் போய்விட்டது.

புதன்கிழமை இருநூற்று நாற்பது பேர் தேர்வு எழுதினார்கள். எப்போதும் தொண்ணூறுக்குக் குறையாத முகையூர்ப் பெண்ணுக்கு இருபத்திரண்டு மதிப்பெண். அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்று பயிற்சி மையத்துக்காரர் போனில் கத்தினார்.

வியாழன் காலை குமரேசன் எல்லோரையும் திரைக்கு முன்னால் நிற்கவைத்தார்.

"என்ன கலைமதி இது? உன் பேரு இருக்குது."

"சார், எல்லாரும் அந்தப் பேர்லதான போடறோம்? செவ்வாக்கெழம நான் லீவுங்க."

"லீவுல வீட்லருந்து நீ மாத்தனதே இல்லியா?"

மாற்றியிருக்கிறாள், பலமுறை. கலைமதி ஆர்த்தியைப் பார்த்தாள். பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவளே சொல்லட்டும், சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். தேர்வு வேலை கையை விட்டுப் போனால் அந்த அலுவலகத்தில் கலைமதிக்கு மிஞ்சுவது தட்டச்சு மட்டும்தான். அது ஆர்த்திக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றாள் ஆர்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அவதான் ஊர்லருந்து எதாவது பண்ணிக்கினு இருந்திருப்பா."

"செவ்வாக்கெழம நீதான மெசேஜ் போட்ட?" என்று கலைமதி போனைத் திறந்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. அதற்குக் கீழே அவள் அனுப்பிய சிரிப்பு பொம்மை மட்டும் பல்லைக் காட்டியது. இன்று காலை ரயில் விக்கிரவாண்டி தாண்டும்போது ஆர்த்தி தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாளே, இதற்குத்தானா? தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டா?

"இனிமே பரீட்சை வேலைய ஆர்த்தி பாக்கட்டும். நீ கேள்வி டைப் பண்ணும்மா" என்றார் குமரேசன். அன்றே ஆளுக்கொரு பெயரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கலைமதி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்த்தி கூப்பிட்டாள்.

"கோவமாடி? நான்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிருப்பாருடி. நீ பழைய ஆளு, உன்ன அனுப்ப மாட்டாரு."

"இதச் சொல்லத்தான் போன் பண்ணியா?"

"இல்ல... நாளைக்குப் பரீட்சைடி. அந்தக் குறி பழைய மெஷினுக்குப் புரியல. வேற எப்படி எழுதறது? ஒரே பேஜாரா கீது."

எரிச்சலில் போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலே போதும், நாளைக்கு ஆர்த்தி சந்தி சிரித்துப்போவாள். ஆனால் கூடவே முகையூர்ப் பெண்ணும் மறுபடி இருபத்திரண்டு வாங்குவாள். கலைமதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எழுதிக்கோ. ஓட்டம் முடிஞ்சதுக்கு அடையாளமா தனியா ஒரு ஃபைல் வெச்சிக்கோ. ப்ரோக்ராம் ஓடி, ரெண்டும் முழுசா வந்த பொறவுதான் அத உருவாக்கணும். வினாத்தாளும் விடைக்குறிப்பும் அந்த ஃபைல மட்டும் நம்பி நிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு காணலன்னா, அடையாளத்தையும் அழிச்சிட்டு மொதல்லருந்து ஓட்டு. மிச்சம் இருக்கறத வெச்சி ஒப்பேத்தாத."

"தேங்க்ஸ்டி" என்றதோடு போன் துண்டித்தது.

சனிக்கிழமை மதிப்பெண்கள் பிசகில்லாமல் வந்தன. சாயங்காலம் அலுவலகக் குழுவில் குமரேசன் எழுதினார். "சூப்பர் ஆர்த்தி! கலைமதி, ஆர்த்தி எழுதியிருக்கறத ஒரு தடவை பொறுமையா படிச்சுப் பாரும்மா. ரூல்னா இப்படி எழுதணும்."

கலைமதி திறந்து பார்த்தாள். விதிக்கு மேலே விளக்கக் குறிப்பாக, போனில் அவள் சொன்னது முழுவதும் வரி மாறாமல் இருந்தது. கடைசியில் அந்த 'ஒப்பேத்தாத' கூட இருந்தது. மாற்றியவர்: ஆர்த்தி.

குழுவில் எல்லோரும் ஒவ்வொருவராகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கலைமதி "படிச்சிட்டேன் சார்" என்று அனுப்பினாள்.