மேனேஜரின் பங்கு

எங்கள் பட்டறையில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பவர் ஒருவர்தான். காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே வருவார், ஒவ்வொரு ஜாடியாக மோந்து பார்ப்பார், பிறகு சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் குறட்டை விடுவார். அதனால்தான் எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். பழுப்பு நிறம், பன்னிரண்டு கிலோ எடை, ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும்.

நானும் அண்ணனும் தேனைப் புளிக்க வைத்து மது செய்து விற்கிறோம். தேன், தண்ணீர், ஈஸ்ட். ஈஸ்டுக்குத் தீனியாக ஒரு துணிப்பையில் உலர் திராட்சை. சாராயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மிதவையை விடுவோம். பார்த்து முடித்ததைத் திரும்ப ஜாடியில் ஊற்றக் கூடாது, மொத்தமும் கெட்டுப்போகும். நானாக இருந்தால் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிடுவேன். அண்ணனுக்கு எதையும் கொட்ட மனசு வராது. தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி ஒரு வாரம் ஓட்டுகிற ஆள் அவன்.

இந்தத் தடவை போட்ட ஜாடியில் முதல் இரண்டு நாளும் அந்த டம்ளரில் இருந்தது கிட்டத்தட்ட வெறும் தேன் தண்ணீர். அதை அண்ணன் நாயின் கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறான். மேனேஜரும் வாலாட்டியிருக்கிறார். ‘மேனேஜர் பங்கு’ என்று பெயர்கூட வைத்தானாம். எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். அதன்பின் ஜாடியை மூடி மூன்று வாரம் தொடாமல் வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அண்ணன்தான் ஜாடியைத் திறந்து, அளந்து, நோட்டில் எழுதினான். நான் முன்னறையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். உள்ளேயிருந்து அவன் சிரிப்புச் சத்தம்.

“வந்து பாரேன், மேனேஜருக்கு ஏறிடுச்சு!”

போய்ப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. மூட்டையில் முட்டி விழுந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. காதைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.

“சிரிக்கிறியா? வண்டியை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணன் சாவியை மூன்று தடவை கீழே போட்டான். நாயை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

கால்நடை மருத்துவர் பேச்சில் சிக்கனமான அம்மாள். “என்ன சாப்பிட்டான்?”

“சும்மா ரெண்டு நக்கு நக்குச்சு டாக்டர்,” என்றான் அண்ணன். “தேன்ல செஞ்சதுதான். தேன் உடம்புக்கு நல்லதுதானே?”

“புளிச்சு சாராயமானப்புறம் எதுல செஞ்சா என்ன? நாய்க்கு அது விஷம். எவ்வளவு குடிச்சான்?”

அண்ணன் கூரையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது அவன் பார்க்கிற இடம் அது. நோட்டை மேஜைமேல் ஓங்கி வைத்தேன்.

“இன்னிக்கு எடுத்தது இருநூறு மில்லி. பன்னிரண்டு சதவீதம். உன் கையெழுத்துதான். தொட்டி காஞ்சு கிடந்துச்சேண்ணா, மீதி எங்க போச்சு?”

“மொத்தமும் அதுக்குத்தான் ஊத்தினேன்,” என்றான்.

மருத்துவர் அதற்குள் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கியிருந்தார். கம்பளியைச் சுற்றியபடியே கேட்டார். “இதுல திராட்சை ஏதும் போடுவீங்களா?”

“போடுவோம். ஆனா அது ஜாடிக்குள்ள, பையில...” என்று நான் இழுத்தேன்.

அண்ணன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். “பையை இன்னிக்கு வெளிய எடுத்துட்டேன். நல்லா ஊறி உப்பியிருந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஒரு கைப்பிடி கிண்ணத்துல போட்டேன். எல்லாத்தையும் தின்னுடுச்சு.”

மருத்துவர் அவனைத் திட்டவில்லை. “சொன்னீங்களே, அது போதும். போதை சாயங்காலம் தெளிஞ்சிடும். நீங்க சொல்லலைன்னா, தெளிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். திராட்சை ரெண்டு மூணு நாள்ல சிறுநீரகத்தை நிறுத்திடலாம். இப்போ விடாம ட்ரிப்ஸ் ஏத்தலாம். நல்லா ஒண்ணுக்குப் போனான்னா பிழைச்சுக்குவான்.”

சாயங்காலம் மேனேஜர் கண் திறந்தார். ஆனால் மறுநாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத்தான் போனார். மருத்துவர் அளவுக் குவளையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணனோடு நான் பேசவில்லை. அவன் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாயின் மடிந்த காதை நீவிக்கொண்டே இருந்தான்.

“இது மட்டும் எழுந்துடட்டும்,” என்றான் ஒரு தடவை, யாரிடமென்று இல்லாமல். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை, மருத்துவர் சொன்னபடி, ட்ரிப்ஸ் பாட்டிலை நான் உயர்த்திப் பிடிக்க, அண்ணன் மேனேஜரை மெதுவாக வாசல் கூடத்துக்கு நடத்தி வந்தான். பூனைக் கூடையோடு ஒரு பெண்ணும், கிளிக்கூண்டோடு ஒரு பெரியவரும் காத்திருந்தார்கள். மேனேஜர் நின்றார். சுவரை மோந்தார், நாற்காலிக் காலை மோந்தார், எதுவும் பிடிக்கவில்லை. அண்ணன் ஆறு வருஷமாகத் துடைத்துத் துடைத்துப் புதுசு போலவே வைத்திருக்கும் வெள்ளை ஷூவை மோந்தார். பிடித்துவிட்டது. காலைத் தூக்கினார்.

சொட்டு இல்லை, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஷூ நிறைந்தது, சாக்ஸ் நனைந்தது, இன்னும் நிற்கவில்லை.

“அசையாதண்ணா!” என்று கத்தினேன்.

“அசைவேனா! போகட்டும், முழுசாப் போகட்டும்!”

மருத்துவர் ஓடி வந்து எட்டிப் பார்த்து, முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். “ரத்தத்தை ஒரு தடவை பார்த்துட்டு, நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க.” ரத்தமும் சரியாகவே இருந்தது, ஆனால் அது பிறகு வந்த செய்தி. அந்தக் கூடத்தில் எங்களுக்கு வேறு எந்தச் செய்தியும் தேவைப்படவில்லை. கிளிக்கூண்டுப் பெரியவர் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார்.

அண்ணன் சொதசொதவென்ற காலோடு, கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“பார்த்தியா,” என்றான் என்னிடம். “ஒரு சொட்டுகூட வீணாப் போகல!”