புதினா வாசனை போகும் வரை

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மகள் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மூன்று மாதம் முன்பு இதே அறையில்தான் டாக்டர் மகளின் முன்பற்கள் நான்கில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். "இன்னும் ஓட்டை ஆகல, எனாமல் கரைய ஆரம்பிச்சிருக்கு. ஃப்ளூரைடு இருக்கிற இந்த மவுத்வாஷ்ல தினமும் கொப்பளிக்கட்டும், திரும்ப கெட்டிப்படும். இல்லேன்னா டிரில் பண்ணணும்." ஒன்பது வயதுப் பெண்ணின் முன்பல்லில் டிரில்லா என்று அன்றைக்கே அம்மா பாட்டிலை வாங்கி வந்துவிட்டாள்.

கவனிக்காத தாய் என்று அவளை ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. மிட்டாய் ஆலையில் ருசி பார்ப்பது அவள் வேலை. ஒரு பாகைச் சுவைத்ததும் வெந்நீரில் வாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாகைத் தொடுவாள். பதினொரு வருடப் பழக்கம் வீட்டில் மட்டும் விட்டுப்போகுமா? மகள் ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பியதும் வெந்நீரோடு தயாராக நிற்பாள். "இன்னொரு வாய் ஊத்திக்கோ. எங்கே ஊது, புதினா வாசனை போச்சா?" போகும் வரை விடமாட்டாள்.

டாக்டர் மகளின் வாய்க்குள்ளிருந்து சிறு கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு பல்லுல ஓட்டை விழுந்துடுச்சும்மா. மத்த மூணும் அப்படியேதான் இருக்கு. தினமும் கொப்பளிச்சாளா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர். நான் பக்கத்துலயே நிப்பேன்."

"துப்பின உடனே தண்ணி ஏதும் குடிக்கிறாளா? அரை மணி நேரம் வாய்க்குள்ள எதுவும் போகக் கூடாது. எச்சில்ல இருக்கிற கால்சியம் பல்லுல திரும்பப் படியறதுக்கு ஃப்ளூரைடு கூடவே இருக்கணும். தண்ணி ஊத்தினா மருந்து மொத்தமும் சாக்கடைக்குத்தான் போகும். பாட்டில்லயே போட்டிருக்கே."

பாட்டிலில் எழுதியிருந்ததை அம்மா படிக்கவே இல்லை. வாய் கழுவுவதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்புதான்.

"நான்தான் டாக்டர் தண்ணி ஊத்திக் கொப்பளிச்சேன்," என்றாள் மகள். "எரிஞ்சுது. அம்மாவுக்குத் தெரியாது."

"பெரிய பொண்ணு, சொன்னா கேக்க வேண்டாமா?" என்றார் டாக்டர். " இப்ப பாரு, டிரில் பண்ண வேண்டியதா போச்சு."

மகள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வானேன், அம்மாவுக்கு அந்த ஒரு கணம் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"அவளத் திட்டாதீங்க டாக்டர். போதும்மான்னு தினமும் சொன்னா. நான்தான் விடாம கழுவவெச்சேன்."

டாக்டர் கையுறையை மாற்றினார். மகளின் கை அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா சொன்னே," என்று முணுமுணுத்தாள். "நான் திட்டு வாங்கியாச்சுல்ல."

டிரில் சுழலத் தொடங்கியது.