கயிற்றுக்கு வெளியே

காலையிலிருந்து அமிர்தராஜ் ஒன்றும் சாப்பிடவில்லை. அக்னஸ் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து மூடினாள். சற்றுக் கழித்துத் திறந்து காட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். சாப்பிட்டால் வயிற்றின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், மலம் இறங்கும் பை நிறையும். நாற்பது பேர் இருக்கும் அறையில் அது சத்தம் போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் தலை குனிந்திருந்த நேரத்தில், அப்படிச் சத்தம் போட்டது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதிலிருந்து அவர் கோயிலில் கடைசி வரிசையில் நிற்கிறார். நிற்பதே அவருக்கு வசதி. ஆபரேஷனில் ஆசனவாயை எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். தையல் ஆறி ஒரு வருடத்துக்கு மேலாகியும் கடினமான இடத்தில் உட்கார்ந்தால் இழுத்துப் பிடிக்கும்.

"வெறும் வயித்துலதாங்க காத்து அதிகமா வரும். நர்ஸ் சொன்னாங்கல்ல" என்றாள் அக்னஸ்.

அவர் உட்காரும் மெத்தையைத் துணிப்பையில் வைத்தார். பாலக்கரையில் பஸ் ஏறும்போது அதை அவள் வாங்கிக்கொண்டாள்.

அவருக்கு நோயைக் கண்டுபிடித்த டாக்டர் ரஞ்சனிதான் கூப்பிட்டிருந்தாள். முசிறி, லால்குடி, துறையூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து நர்சுகளும் டாக்டர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றாள். ஆசனவாய்ப் புற்றை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு கொடுத்துவிடுகிறார்கள், நோயாளியின் வாயால் கேட்டால் மறக்கமாட்டார்கள் என்றாள். அமிர்தராஜ் உடனே சரி என்றார். அந்த இடத்தைப் பற்றிப் பேச இந்த இரண்டு வருடத்தில் யாரும் அவரை எங்கும் அழைத்ததில்லை. இன்னொருவரும் வருகிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியின் மாடியில் அறை. முன்வரிசையில் பெயர் ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருந்தார். நெற்றியில் திருமண், வெளுத்த வேட்டி. செருப்பைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு காலையும் நாற்காலியின் மேல் மடித்துச் சம்மணம் போட்டிருந்தார். அமிர்தராஜ் முகத்தைப் பிறகுதான் பார்த்தார். முதலில் பார்த்தது அந்தக் கால்களை. மெத்தை இல்லாமல், ஒரு பக்கம் சாயாமல், மொத்த உடம்பும் நாற்காலியில் இறங்கியிருந்தது.

"வாங்கோ சார். நான் யதிராஜன். ஸ்ரீரங்கம், உத்தர வீதி. உங்களுக்கு எத்தனை நாள் குடுத்தா? எனக்கு இருபத்தெட்டு."

"எனக்கு ஆபரேஷன்."

"ஓ" என்றார் யதிராஜன். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி அமிர்தராஜின் நாற்காலியருகே வைத்தார். அந்த நகர்த்தல் அமிர்தராஜுக்குப் பிடிக்கவில்லை.

ரஞ்சனி பாடத்தைத் தொடங்கினாள். ரத்தம் வந்தால், அரித்தால், கட்டி தட்டுப்பட்டால் எல்லாம் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். கூச்சப்படாமல் கையுறை போட்டு விரலால் பாருங்கள். சந்தேகமிருந்தால் சதைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புற்று என்று தெரிந்தால், வேறு உறுப்புக்குப் பரவாதவரை, பெரும்பாலோருக்கு முதல் வைத்தியம் கத்தி இல்லை. கதிர்வீச்சு, கூடவே கீமோ மருந்து. ஐந்தரை வாரம். முடிந்த பிறகும் கட்டி தெரிகிறதே என்று பதறாதீர்கள். ஆறு மாதம் வரை அது கரைந்துகொண்டிருக்கலாம். அப்படியும் போகாவிட்டால், அல்லது திரும்பி வந்தால், அப்போதுதான் பெரிய ஆபரேஷன், நிரந்தரப் பை.

நிரந்தரப் பை என்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது போல அவருக்கு இருந்தது.

இதே வார்த்தைகளை அவர் கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன், கீழ்த்தளத்தில், இதே ரஞ்சனி காகிதத்தில் படம் போட்டுச் சொன்னாள். இருபத்தெட்டு நாள் கரண்ட் வைக்கலாம் என்றாள். "கரண்ட் இல்ல டாக்டர், ரேடியேஷன்" என்று அவர் திருத்தினார். அவள் சிரித்து, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நல்லது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த வைத்தியத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் அவர் வேலை வெல்டிங்கைப் படம் எடுப்பது. ஈயப் பெட்டிக்குள் விரல் நுனியளவு கதிர்வீசும் உலோகம். அதைக் குழாய் வழியாக வெளியே தள்ளினால் கதிர் இரும்பைத் துளைத்து அந்தப் பக்கத்து ஃபிலிமில் விழும். தள்ளுவதற்கு முன் சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டுவார்கள். விளக்கு எரியும். மணி அடிக்கும். எல்லோரும் கயிற்றுக்கு வெளியே ஓடுவார்கள். உள்ளே இரும்பு மட்டும்தான் இருக்கும். ஒருமுறை கிரேன் ஓட்டுபவன் தெரியாமல் கயிற்றைத் தாண்டிவிட்டான். மூன்று மாதம் அவன் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். படத்தில் ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைப்பார்கள். கெட்டதை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் முடிந்தது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அக்னஸ், டாக்டர் சொன்னபடி செய்வோம் என்றாள். அந்தக் கயிறு எதுக்குக் கட்டறாங்கன்னு உனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார். வேறு ஊரில் ஒரு சர்ஜனைப் பிடித்தார். கதிர்வீச்சு எல்லாம் பேசியாயிற்று, வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டார். மகன் பிரிட்டோ சென்னையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது, வெட்டறதத் தவிர வழியில்லைன்னுட்டாங்கப்பா என்றார். பக்கத்தில் அக்னஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு பிசைந்தது. பிரிட்டோ இன்றுவரை அந்த டாக்டரம்மா மேல் கோபமாக இருக்கிறான். நல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லையே என்று தன்மேலும்.

யதிராஜனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. தபால் ஆபீஸ்ல இருந்தவன். படுன்னா, படுத்துண்டேன். அவ்வளவுதான்."

நர்சுகள் சிரித்தார்கள். நாலாவது வாரம் தோல் உரிந்ததைச் சொன்னார். பேத்தியின் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தினமும் மூன்று வேளை அதில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். வீட்டுக்காரி வேதவதி வாசற்கதவைச் சாத்திவிட்டுக் காவல் இருந்தாளாம்.

"பாத்ரூம் போனா கண்ணுல ஜலம் வந்துடும். கத்தினா நன்னாருக்காதேன்னு சத்தமா பாசுரம் சொல்லிண்டே போவேன். பக்கத்தாத்துக்காரா, மாமாவுக்கு இந்த வயசுல பக்தி ஜாஸ்தியாயிடுத்துன்னு பேசிண்டா."

அறை முழுக்கச் சிரித்தது. ரஞ்சனியும். இப்போது எப்படி என்று யாரோ கேட்டார்கள். காலையில் கோயிலில் கோஷ்டியோடு பிரபந்தம் சொல்லப் போகிறேன், இரண்டு மணி நேரம் கருங்கல் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், எல்லாம் பெருமாள் கிருபை என்றார்.

கருங்கல் தரை. அமிர்தராஜ் மெத்தையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்தார். இந்த ஆளுக்குக் கதிர் என்றால் என்னவென்று தெரியாது. ஓடியிருக்க வேண்டும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்குப் பரிசாக உடம்பை முழுதாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் ஆசனவாய் என்ற சொல்லை இத்தனை பெண்கள் முன்னால் ஊர்ப் பெயரைப் போலச் சொல்கிறார். அந்த வெட்கமின்மைகூட அமிர்தராஜுக்கு வேண்டியிருந்தது. பாட்டிலின் மூடியைத் திறந்தார். அது யதிராஜனுடையது என்று நினைவு வந்து மூடினார்.

அவர் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததைச் சொன்னார். எட்டு மாதம் மூலம் என்று களிம்பு தடவியது, பை மாற்றுவது, பஸ் பயணம். யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். முசிறியிலிருந்து வந்திருந்த ஷெர்லின் என்ற நர்ஸ் கை தூக்கினாள்.

"சார், உங்களுக்கு ரேடியேஷன் பத்தி யாரும் சொல்லலீங்களா?"

பக்கத்தில் யதிராஜன் மறுபடி கால்களை மேலே மடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லல" என்றார் அமிர்தராஜ்.

அறையில் த்சொ என்ற ஒலி எழுந்து அடங்கியது. எல்லா முகங்களும் யதிராஜனை விட்டு அவர்மேல் திரும்பின. ஒரு கணம் அது நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் அக்னஸ் எழுந்து வெளியே போனாள்.

ரஞ்சனி கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குச் சொன்னதா நினைவில்லைன்னா, சரியா சொல்லலைன்னுதான் அர்த்தம்" என்றாள் மெதுவாக. "தப்பு எங்களோடது. எழுதிக்கங்க."

நாற்பது பேர் எழுதினார்கள். யதிராஜன் சாய்ந்து அமிர்தராஜின் முழங்கையைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அமிர்தராஜ் கையை எடுத்துக்கொண்டார்.

டீக்குப் பிறகு மெஷினைப் பார்க்க எல்லோரையும் கீழே அழைத்துப் போனார்கள். தடித்த கதவு. மேலே சிவப்பு விளக்கு, அணைந்திருந்தது. வாசலில் அமிர்தராஜின் கால்கள் நின்றுவிட்டன. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தொழிற்சாலையில் கதிரளவு காட்டும் பேட்ஜைக் குத்தியிருந்த இடம். மெஷின் ஆஃப்ல இருக்கு சார், வாங்க என்றாள் ஷெர்லின். அவர் வாசலிலேயே நின்றார்.

எப்படிப் படுக்க வேண்டும் என்று யதிராஜன் படுத்துக் காட்டினார். யாரும் சொல்லாமலே இடுப்பைச் சரிசெய்து, கைகளை மார்பில் வைத்தார். கூரைத் தகட்டில் பதினாறு ஓட்டை இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ரஞ்சனி விளக்கினாள்: இந்தக் கட்டத்தில் எல்லோரும் வெளியே போய்விடுவோம், கதவை மூடுவோம், கேமராவில் பார்ப்போம். எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே மேசைமேல் ஒரு மனிதர் தனியாகக் கிடந்தார். விரல்கள் மார்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அமிர்தராஜ் அதையே பார்த்தார். முப்பத்தோரு வருடம் கயிற்றுக்கு உள்ளே இரும்பைத்தான் பார்த்திருக்கிறார்.

யதிராஜன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். நர்சுகள் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். ரஞ்சனி விளக்கை அணைக்கத் திரும்பியபோது அமிர்தராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். மேசைமேல் உள்ளங்கையை வைத்தார். அந்த ஆளின் முதுகுச் சூடு இன்னும் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

"டாக்டர். நீங்க சொன்னீங்க."

ரஞ்சனி சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"படம் போட்டுச் சொன்னீங்க. நான்தான் வேணாம்னேன்."

கதவருகே ஷெர்லின் நின்றிருந்தாள். நோட்டைத் திறந்தாள், எழுதியதை அடிக்கப்போவது போல. அடிக்கவில்லை.

"ஏன் சார்?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அறையின் அமைதியில் பை நீளமாகச் சத்தம் போட்டது. வழக்கமாக அவர் கை அதை மூடப் போகும். இப்போது அந்தக் கை மேசையில் இருந்தது. திறந்த கதவு வழியாக வராந்தா தெரிந்தது. அங்கே அக்னஸ் பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, காலி நாற்காலிகள் இருந்தும், யதிராஜன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள்.

"ஒரு கயிறு இருக்கும்மா, சிவப்புக் கயிறு" என்று அமிர்தராஜ் தொடங்கினார், அந்தக் கால்களைப் பார்த்தபடி.