ஏகாம்பரத்தின் ஓட்டு

நான் செத்துப்போன செய்தி எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஓட்டர் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தரணி ஓடி வந்தாள்.

"அத்த, லிஸ்ட்டுல உன் பேரு இல்ல. செத்துட்டன்னு எடுத்துட்டாங்களாம். மாமா பேரு கீது."

மாமா என்றால் என் வீட்டுக்காரர். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

போய்ப் பார்த்தேன். ஏகாம்பரம், வயது 58, படத்தோடு இருந்தார். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற அதே படம். இங்கே மாலை இல்லை. அடுத்த வரியில் நான் இருந்திருக்க வேண்டும். அங்கே யாரோ ஒரு யமுனா இருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். தையில் கணக்கெடுக்க கிரண்குமார் என்று ஒருத்தர் சச்சிவாலயத்திலிருந்து வந்தார். ஆந்திராவில் கிராம ஆபீசுக்கு அந்தப் பேர். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்டார். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் தெருப் பொம்பளைகளுக்குக் கிடையாது. அதனால் பெட்டியிலிருந்து ரெண்டு ஓட்டர் கார்டையும் எடுத்து நீட்டி, "இது கீது, அது பூட்ச்சி" என்று மோவாயால் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டேப்லெட்டைத்தான் பார்த்தார். மாற்றி எழுதிவிட்டார் போல, நாமே பேரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று ரெண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் காலனியில் பதினோரு வீட்டில் இதே கதை. உயிரோடு இருப்பவர்கள் செத்திருந்தார்கள், செத்தவர்கள் பிழைத்து வந்திருந்தார்கள். எந்தப் பதினோரு வீடு தெரியுமா? கம்பெனி குடோனுக்கு நிலம் தரமாட்டோம் என்று கிராம சபையில் முதலில் கை தூக்கிய வீடுகள். அன்றைக்கு ஒருத்தன் போனைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய கை ஒவ்வொன்றையும், அதற்குக் கீழே இருந்த முகத்தையும் கிட்டே வந்து படம் எடுத்தான். நாங்கள்தான் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

சச்சிவாலயத்துக்குப் போனேன். கிரண்குமார் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். எங்கள் ரெண்டு ஏக்கரைக் கொடுக்கச் சம்மதம், போன மாதத் தேதி, அடியில் ஏகாம்பரம் பேருக்கு நேராக ஒரு கைநாட்டு. என் வீட்டுக்காரர் ஏழாவது படித்தவர். கையெழுத்துப் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு மிதப்பு. ஆயுசில் அவர் கைநாட்டு வைத்ததில்லை.

"அவர ஏரிக்கரைல கொளுத்தி நாலு வருஷமாவுது சார்."

"சிஸ்டத்துல அவரு கீறாரும்மா. நீதான் லேது. இல்லாதவங்க கிட்ட மனு எப்டி வாங்கறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என்னென்னவோ நடந்தது. என் மகன் போனுக்கு, 'ஏகாம்பரம் காரு' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தவறாமல் வந்து வாக்களிக்கும்படி தெலுங்கில் செய்தி வந்தது. வீடு வீடாக ஓட்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தவன், எங்கள் வாசலில் நின்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வெளிய போய்க்கினு கீறாரா?" என்று கேட்டான். சீட்டு அவன் கையிலேயே திரும்பிப் போனது. அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போது ரெண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊர்த் தலைவருக்கான சர்பஞ்ச் எலெக்‌ஷன் வந்தது. யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் பஞ்சாயத்துத் தீர்மானம், எங்கள் நிலம். மேலாபீசுகளுக்கு மூணு மனு போட்டும் பதில் இல்லை. ஆனது ஆகட்டும் என்று பழைய கார்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். தரணி எங்கள் பக்கம் நின்ற வேட்பாளருக்கு ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாசலில் போலீஸ்.

எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது, உள்ளே கிளார்க் உரக்கப் படித்தார்.

"ஏகாம்பரம்."

மறைக்க என்ன இருக்கிறது, நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம், வரட்டும் என்றுதான் மனசு துடித்தது. வந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், நிலம் போனால் போகட்டும் என்று தோன்றியது. அந்த ஆசை எனக்கே அசிங்கமாக இருந்தது.

உள்ளே நின்றவன் ஒரு ஐம்பது வயசுக்காரன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கத்து முகமே இல்லை.

"அது மாமா இல்ல சார்!" என்று தரணி எழுந்துவிட்டாள்.

பூத் ஆபீசர் தன் லிஸ்ட்டைப் பார்த்தார், படம் மை அப்பிக் கறுப்பாக இருந்ததாம். சட்டப்படி கேள்வி கேட்டார். அப்பன் பேரைச் சொன்னான், சரி. வீட்டு நம்பர் சொன்னான், சரி.

"பெண்டாட்டி பேரு?"

"அம்சவேணி. செத்துட்டா சார்," என்றான். நான் அதற்குள் வாசற்படிக்கு வந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான், கண் இமைக்கவில்லை.

"நான்தான் சார் அம்சவேணி," என்றேன்.

ஆபீசர் லிஸ்ட்டைப் புரட்டினார். "உங்க பேரு இல்லம்மா. இவரு ஏகாம்பரம் இல்லன்னு வேற யாராவது சொல்லுவாங்களா?"

வரிசை முழுக்க எங்கள் ஜனம். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். போலீஸ்காரர் போனை எடுத்து வரிசையைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். என் ஊரே இல்லாமல் போய்விட்டது, நான் நிஜமாகவே செத்துத்தான் போய்விட்டேன் என்று நினைத்தேன்.

"நான் தூக்கினேன் சார்."

மேஸ்திரி முனிரத்தினம். வரிசையை விட்டு முன்னால் வந்து, போனுக்கு நேராகவே நின்றார். "ஏகாம்பரம் பாடைய. தலமாட்டுல, வலது பக்கம்."

"எடது பக்கம் நான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கால்மாட்டுல நானு," என்று இன்னொருத்தர். நாலாவது ஆள் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கு மகன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான். ஆனாலும் சொன்னார். "நானும் சார். கனமா இருந்தாரு."

நாலு பேரும் வந்து அந்த வெள்ளைச் சட்டையைச் சுற்றி நின்றார்கள், பாடைக்கு நிற்பது போலவே, தலைமாட்டில் ரெண்டு, கால்மாட்டில் ரெண்டு. அவன் முகம் வெளுத்தது. சீட்டைக் கீழே போட்டுவிட்டு, நெட்டித் தள்ளிக்கொண்டு ஓடினான். போலீஸ்காரர் பிடிக்கவில்லை.

ஆபீசர் அந்தப் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'இறந்தவர்' என்று எழுதினார். அவர் எழுதி முடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரெண்டாவது தடவை தாலி அறுத்த மாதிரி அழுகை வந்தது, அழுதேன்.

"உங்களுக்கு இன்னிக்கு ஓட்டு இல்லம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் ஆபீசர், மெதுவாக.

"தெரியும் சார்," என்றேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே போய், உள்ளே போகிறவர்கள் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மீதி பத்து வீட்டுச் செத்தவர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டு முடிகிற வரை அந்தப் பேர்களில் ஒருத்தர்கூட வரவில்லை.